கையெழுத்து வாங்கிவிட்டால் பயிற்சி முடிந்ததா?

சளி, இருமல் என்று கூப்பிட்ட வீட்டுக்குச் சமுதாய சுகாதாரப் பணியாளர் போகிறார். குழந்தையின் மூச்சை எண்ணி, ‘சாதாரணச் சளிதான்’ என்று குறித்துவிட்டு வருகிறார். அடுத்த நாள் நிமோனியா முற்றிய நிலையில் அதே குழந்தை மருத்துவமனையில். விசாரித்தால் அவர் பயிற்சி பெற்றவர், சான்றிதழும் கையில் இருக்கிறது. இன்னும் எத்தனை முறை இதையே கேட்பது? அவருக்கு அக்கறை இல்லை என்று பழியைத் தூக்கி அவர் தலையில் போடுகிறோம். பயிற்சியில் ஒரு குழந்தையின் மூச்சையாவது அவரை எண்ண வைத்தோமா என்று கேட்பாரில்லை.

‘வகுப்பு எடுத்தாயிற்று, தேர்வில் நல்ல மதிப்பெண், அதனால் செய்யத் தெரியும்.’ பயிற்சி நடத்துபவர்களிடம் ஊறிப்போன இந்த நினைப்புதான் ஆபத்து. தேர்வுத்தாளில் கேள்வி இப்படி இருக்கும்: எட்டு மாதக் குழந்தைக்கு எத்தனை மூச்சைத் தொட்டால் வேகமான மூச்சு? நிமிடத்துக்கு 50 என்று எல்லோரும் சரியாக எழுதுவார்கள். இரண்டு மாதத்துக்குக் கீழ் 60, ஒரு வயது முதல் ஐந்து வயது வரை 40 என்பதும் மனப்பாடம். ஆனால் வீட்டில் குழந்தை நெளிகிறது, அழுகிறது, மேலே இரண்டு சட்டை. அவசரத்தில் 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குகிறார். 12 வந்தால் 48, பயமில்லை. 13 வந்தால் 52, நிமோனியா. ஒரே ஒரு மூச்சு தவறினால் முடிவே தலைகீழ். போதாததற்குச் சின்னக் குழந்தைகள் ஒரே சீராக மூச்சு விடுவதில்லை. சில விநாடி வேகம், சில விநாடி மெதுவு. முழுதாக 60 விநாடி எண்ணச் சொல்வது அதனால்தான்.

இதைப் படம் போட்டுக் காட்டிப் புரியவைக்க முடியாது. அம்மா மடியிலேயே குழந்தை இருக்கட்டும். அழுகை அடங்கட்டும், பால் குடிக்கும்போது எண்ண வேண்டாம். சட்டையை விலக்கி, வயிறோ நெஞ்சோ நன்றாக அசையும் ஒரே இடத்தைப் பாருங்கள். ஏறி இறங்கினால் ஒன்று. நடுவில் குழந்தை திமிறினால் விட்ட இடத்திலிருந்து தொடராமல் முதலிலிருந்து எண்ணுங்கள். பயிற்சியாளரும் பணியாளரும் அதே குழந்தையை அதே நிமிடத்தில், வாய்விட்டுச் சொல்லாமல் எண்ணி, பிறகு ஒப்பிட வேண்டும். இரண்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் மறுபடி. உடம்பு சரியில்லாத குழந்தைகளையும் காட்ட வேண்டும். நெஞ்சுக்கூட்டின் அடிப்பகுதி உள்ளே இழுப்பதை ஒருமுறை கண்ணால் பார்த்தவர் மறக்கமாட்டார்.

இன்னொன்று: எதையும் குடிக்க முடியவில்லை, குடித்ததெல்லாம் வாந்தி, வலிப்பு, எழுப்பினாலும் துவண்டு கிடக்கிறது என்றால் எண்ணிக்கை குறைவு என்று தேற்றிக்கொண்டு இருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

குழந்தையின் மேற்கையைச் சுற்றி அளந்து ஊட்டக்குறைவைக் கண்டுபிடிக்கும் கை சுற்றளவு நாடாவிலும் இதே கதைதான். 11.5 செ.மீ.க்குக் கீழே போனால் சிவப்பு, தீவிர ஊட்டக்குறைவு. 12.5-க்குக் கீழே மஞ்சள். மில்லிமீட்டர் கணக்கில் முடிவெடுக்கும் இடத்தில், கையின் நடுப்பகுதியைக் கண்மதிப்பாகப் பிடித்தால் என்ன அர்த்தம்? இடது கையை முழங்கையில் மடக்கி, தோள்பட்டை முனைக்கும் முழங்கை முனைக்கும் நடுவே பேனாவால் குறியுங்கள். பிறகு கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு அளந்து பாருங்கள். சதை பிதுங்கினால் இறுக்கம், நாடாவுக்கும் தோலுக்கும் இடையே இடைவெளி தெரிந்தால் தளர்வு. நாடா பச்சை காட்டினாலும் இரண்டு பாத மேற்புறத்திலும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்துங்கள். இரண்டிலும் குழி அப்படியே நின்றால் அதுவும் தீவிர ஊட்டக்குறைவுதான். பயிற்சிகளில் பெரும்பாலும் விட்டுப்போவது இந்தச் சோதனைதான்.

வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசலான ஓ.ஆர்.எஸ். பற்றி நீளமாகப் பேச வேண்டியதில்லை. அம்மாவையே உங்கள் முன்னால் கலக்கச் சொல்லுங்கள், அவ்வளவுதான். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கொட்டுவது அப்போதுதான் தெரியவரும். உப்பு அந்த அளவுக்கு ஏறினால் குழந்தைக்குக் கேடு.

நேரடிக் கண்காணிப்பில் செய்து பழகுவதற்கே பயிற்சியில் முன்னுரிமை என்று உலக சுகாதார நிறுவனம் 2018 வழிகாட்டுதலில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆனாலும் நாள் குறைந்தால் முதலில் வெட்டப்படுவது களப்பயிற்சிதான். தயவுசெய்து உரைகளை வெட்டுங்கள். பயிற்சி முடிகிற அன்றைக்கே விநாடி காட்டும் கடிகாரம், நாடா, ஒரு லிட்டர் குறியிட்ட பாத்திரம், ஓ.ஆர்.எஸ்., துத்தநாக மாத்திரை, வயதுவாரியான அளவு அட்டை எல்லாம் அவர் பையில் இருக்க வேண்டும். பொருள் மூன்று மாதம் கழித்து வந்தால் பழகிய கை மறந்திருக்கும். முதல் மாதத்திலேயே மேற்பார்வையாளர் அவருடன் வீடுகளுக்குப் போகட்டும். போய் பதிவேட்டைப் புரட்டிக் கையெழுத்துப் போடாமல், அவர் எண்ணும்போது பக்கத்தில் உட்கார்ந்து தானும் எண்ணட்டும். பிழை கண்டால் வீட்டுக்காரர் முன்னால் திட்டாமல், வெளியே வந்த பிறகு திருத்தட்டும்.