குளோரினுக்கு அசராத புழு முட்டைகள்

அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களைப் பார்வையிடப் போனால், முதலில் ஒரு கண்ணாடி டம்ளரில் தெளிந்த நீரை நீட்டுவார்கள். "குளோரின் போட்டாச்சு சார், செடிக்கெல்லாம் இதுதான்." பாக்டீரியாவைப் பொறுத்தவரை சரி. குடற்புழு முட்டைகளின் கதை வேறு.

ஒரு பெண் உருளைப்புழு நாளொன்றுக்கு 2 லட்சம் முட்டைகள் வரை இடும். அந்த முட்டை ஓட்டை வழக்கமான அளவு குளோரின் ஒன்றும் செய்யாது. குடல் பாக்டீரியாவைத் தேடும் கோலிஃபார்ம் சோதனையில் தேறிய நீரிலும் முட்டை உயிரோடு இருக்கலாம். அந்தச் சோதனை அதைத் தேடுவதே இல்லை. பாசன நீரில் லிட்டருக்கு ஒரு முட்டைக்கு மேல் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

முட்டை நீரைவிடச் சற்றே கனமானது. நீரை அசையாமல் நிறுத்தினால் அடியில் படிந்துவிடும். வரிசையாக அமைத்த தேக்கக் குளங்களில் 8 முதல் 10 நாள் தங்கினாலே பெரும்பாலும் போய்விடும். மின்சாரம் வேண்டாம், இடம்தான் வேண்டும். நகரத்தில் அதற்கு எங்கே போவது! அங்கே படிவுத் தொட்டியும் மணல் வடிகட்டியும்தான் கதி. ஆனால் காலையில் எல்லா வீட்டுக் குளியலறை நீரும் ஒரே நேரத்தில் பாயும்போது, படிவதற்குள் முட்டைகள் வெளியேறிவிடும். நீரைச் சேர்த்துவைத்துச் சீராக அனுப்பும் தொட்டி இதற்காகத்தான் இருக்கிறது. இடம் போதவில்லை என்று பலர் முதலில் சுருக்குவதும் அதைத்தான்.

ஹைதராபாத்தின் கழிவுநீரைச் சுமக்கும் மூசி ஆற்றில், பாசனத்துக்காகக் கட்டிய தடுப்பணைகளில் நீர் தேங்கித் தேங்கிப் போவதால், கீழே போகப்போக முட்டைகள் குறைவதை ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். நகரை ஒட்டி அந்த நீரில் பயிர் செய்த குடும்பங்களிடம் கொக்கிப்புழுத் தொற்று அதிகம் இருந்தது. அதன் இளம்புழு ஈரமண்ணிலிருந்து வெறுங்காலைத் துளைத்தே உள்ளே ஏறிவிடும்.

சரி, படிந்த முட்டைகள்? எல்லாம் அடியில் சேரும் சேறான கசடில் இருக்கின்றன. ஈரமண்ணில் உருளைப்புழு முட்டை ஆண்டுக்கணக்கில் தாங்கும். மேலாகக் காயவைத்து எருவென்று கொடுப்பது ஆபத்து. குவியல் முழுக்க 55 டிகிரிக்கு மேல் பல நாள் சூடேற வேண்டும். வெளிப்பக்கம் ஆறிக் கிடக்கும் என்பதால் புரட்டிப் போட வேண்டும். கசடு அள்ளுபவருக்குக் கையுறையும் பூட்ஸும் கட்டாயம்.

உங்கள் குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் இதைக் கேளுங்கள்: கசடை கடைசியாக எப்போது எடுத்தார்கள், லாரி அதை எங்கே கொட்டியது?