சுபம் என்று தெரிந்தே படிக்கிறோம்

காதல் நாவலைக் கையில் எடுக்கும்போதே முடிவு தெரியும்: இருவரும் சேர்ந்துவிடுவார்கள். அமெரிக்கக் காதல் நாவலாசிரியர் சங்கம் இந்த வகைக்கு வகுத்த வரையறையில் இருப்பதே இரண்டு நிபந்தனைதான். காதல்தான் மையக் கதையாக இருக்க வேண்டும். முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தர வேண்டும். இவ்வளவு உறுதி கொடுத்த பிறகும், முக்கால் புத்தகத்தில் நாயகி பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டும்போது படிப்பவருக்குத் தொண்டை அடைக்கிறது.

அந்த உறுதி இருப்பதால்தான் அடைக்கிறது. ஜானிஸ் ராட்வே என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் ஓர் ஊரில் காதல் நாவல் வாசகிகளைச் சந்தித்துப் பேசி, 1984-ல் ஒரு நூல் வெளியிட்டார். நல்ல காதல் நாவலுக்கு எது அவசியம் என்ற கேள்விக்கு, மகிழ்ச்சியான முடிவு என்பதையே அவர்கள் முதலில் வைத்தார்கள். சிலர் கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்த பிறகே புத்தகத்தை வாங்கினார்கள். 2011-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் 12 சிறுகதைகளை வைத்து நடந்த சோதனையிலும், முடிவு தெரிந்து படித்தவர்கள் சராசரியாகக் கதையைக் கூடுதலாக ரசித்தார்கள். பின்னால் வந்த சில ஆய்வுகளில் இதற்கு நேர்மாறான முடிவும் கிடைத்தது. எல்லாக் கதைக்கும் இது பொருந்தாது. காதல் நாவலுக்குப் பொருந்தும் என்றே சொல்வோம். 'சேருவார்களா' என்ற கேள்வி முதலிலேயே அடைபட்டுவிட்டதால், 'இந்த நிலைமையில் எப்படிச் சேர முடியும்' என்பதில் கவனம் முழுவதும் குவிகிறது.

அடுத்தது உடம்பின் கணக்கு. உளவியலாளர் டால்ஃப் ஜில்மன் 1970-களில் விளக்கியது இது: பதற்றத்தில் ஏறிய நெஞ்சுத் துடிப்பு உடனே இறங்காது, சிறிது நேரம் தங்கும். மனமோ ஒரே வரியில் திரும்பிவிடும். கவலை நீங்கிய அந்தக் கணத்தில் உடம்பில் மிஞ்சியிருக்கும் வேகம் மகிழ்ச்சியின் கணக்கில் சேர்ந்துகொள்கிறது. பிரிவு வலிக்காத கதையில் சேர்க்கையும் சப்பென்று இருப்பது இதனால்தான். 50,000 சொல் நாவலில் பெரிய பிரிவு பெரும்பாலும் 38,000 முதல் 40,000 சொல்லுக்குள் வந்து விழும். அதற்கு முன்னால் வந்தால் நடுப்பகுதி காலி. 47,000-ல் வந்தால் மன்னிப்புக் கேட்கவே இடமில்லை, இரண்டு பக்கத்தில் எல்லாம் முடிந்துபோகும்.

பமேலா ரெகிஸ் என்ற அறிஞர் 2003-ல் காதல் நாவலை எட்டு உறுப்புகளாகப் பிரித்தார்: சமூகச் சூழல், சந்திப்பு, தடை, ஈர்ப்பு, காதலைச் சொல்லுதல், இனி முடியவே முடியாது என்று தோன்றும் கட்டம், தடையைத் தாண்டவைக்கும் தெளிவு, மணவுறுதி. எட்டும் தேவைதான். ஆனால் ஒரு நாவல் நிற்பதும் விழுவதும் தடையில்தான்.

தடையை இப்படிக் கட்டிப் பார்க்கலாம். கவிதா மூத்த பெண். அப்பா வைத்துவிட்டுப் போன கடனை அடைப்பவள், யாரிடமும் கைநீட்டாதவள். செந்தில் எல்லாருக்கும் எல்லாவற்றையும் தானே முடிவு செய்து பழகியவன். அவள் தம்பியின் கல்லூரிக் கட்டணத்தை அவளிடம் கேட்காமலே கட்டிவிடுகிறான். ரசீது அவள் கையில் கிடைக்கிறது. அவன் செய்தது உதவி. அவளுக்கு அது அவமானம். கெட்டவர் யாரும் இல்லை, ஆனாலும் சேர முடியாது. கடைசியில் அவள் அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், பில் 42,000 ரூபாய். கவுன்டரில் நிற்கும் செந்தில் கார்டை எடுக்கிறான், திரும்பப் பையில் வைக்கிறான்.

"நான் என்ன செய்யட்டும், கவிதா?"

"நீங்களே கட்டுங்க. மாசம் மூவாயிரம் தந்துடறேன்."

"சரி."

'வேண்டாம்' என்று அவன் சொல்லவில்லை. அந்த 'சரி'யில்தான் வாசகருக்குக் கண் நிறைகிறது. எந்தக் குணம் பிரித்ததோ அதே குணம், அதே பண விஷயத்திலேயே, இரண்டு பேரிடமும் மாறியிருக்கிறது. அவனுக்கு ஒரு விபத்து வந்து, அவள் அழுது, அதனால் சேர்ந்திருந்தால் தடை அப்படியே கிடந்திருக்கும். முடித்த பிறகும் ஏதோ உறுத்தும்.

எழுதுபவர்கள் தங்கள் தடையைச் சோதிக்க ஒரு வழி உண்டு: ஒரு போன் கால் போட்டுப் பேசினால் பிரச்சினை தீருமா? தீரும் என்றால் அது தடை இல்லை, தவறான புரிதல். அதை ஓர் அத்தியாயத்துக்கு மேல் இழுத்தால் வாசகருக்குப் பாத்திரங்கள்மேல் எரிச்சல் வரும். ஊடல் உப்பைப் போல, கொஞ்சம் கூடினாலும் கெட்டுவிடும் என்று 1302-ஆம் குறள் அளவு சொல்லியே வைத்திருக்கிறது. இணையத்தில் எபி எபியாக, அதாவது எபிசோடு எபிசோடாக, வரும் தமிழ்த் தொடர்கதைகள் இந்த இடத்தில்தான் அதிகம் சறுக்குகின்றன. ஒவ்வொரு எபியும் ஒரு கொக்கியில் முடிய வேண்டும் என்பதால், தீர்ந்த பிரச்சினையை மறுபடி கிளறுகிறார்கள். முப்பதாவது எபியில் பழைய போட்டோ ஒன்று முளைக்கிறது.

தமிழில் கட்டாயக் கல்யாணக் கதைகள் ஏராளம். மூன்றாவது அத்தியாயத்திலேயே தாலி ஏறிவிடுவதால், கல்யாணத்தை முடிவாகக் காட்ட வழியில்லை. ரெகிஸின் வரிசையில் கடைசியில் வரும் உறுப்பு இங்கே முதலில் வந்துவிடுகிறது. எனவே இருவரும் ஒருவர்மேல் ஒருவர் வைக்கும் நம்பிக்கைதான் முடிவுக்குச் சான்றாக வேண்டும். நாயகன் கை ஓங்கியதை ஒரு பூச்செண்டோடு மன்னிக்கும் நாவல்கள் நிறைவு தராமல் போவதற்கு இதுவே காரணம். அவன் மாறியதைச் செயலில், குறைந்தது இரண்டு மூன்று தனித்தனிக் காட்சிகளில், காட்டினால் மட்டுமே வாசகர் நம்புவார்.

கதை முடிந்த பிறகு வரும் பிற்சேர்க்கை அத்தியாயத்தை வாசகர்கள் விரும்பிக் கேட்பதும் இதற்காகவே: மாற்றம் நிலைத்ததா என்று பார்க்க. ஐந்து வருடம் தாண்டி இரட்டைக் குழந்தைகளைக் காட்டினால் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. கவிதா கதைக்கு இரண்டு பக்கம் போதும்: சமையலறை அலமாரியில் ஒரு கோடு போட்ட நோட்டு, அதில் பதினான்காவது தவணைக்கு நேராக அவள் கையால் ஒரு டிக், பக்கத்தில் அவன் கையெழுத்தில் 'பெற்றுக்கொண்டேன்'.