சொராரிட்டி – தமிழில் எப்படிச் சொல்வது?

2020 ஆகஸ்ட் 19 அன்று கமலா ஹாரிஸ் துணை அதிபர் வேட்பாளராக ஏற்புரை நிகழ்த்தினார். கொரோனா காலம் என்பதால் ஜனநாயகக் கட்சி மாநாடே பெரும்பாலும் இணையத்தில்தான் நடந்தது. டெலவர் மாநிலத்து வில்மிங்டனில், பார்வையாளர் கூட்டம் இல்லாத அரங்கில் நின்று பேசினார். தனக்குக் குடும்பம் என்றால் யார் யார் என்று அடுக்கிக்கொண்டே வந்தவர், நடுவில் ‘சித்தி’ என்று ஒரு சொல்லைப் போட்டார். நமக்கு அது போதாதா? துளசேந்திரபுரத்துப் பேத்தி தமிழில் பேசிவிட்டார் என்று கொண்டாடித் தீர்த்தோம். அதே பட்டியலில் சற்றுத் தள்ளி ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா என்றொரு பெயரும் வந்தது. அதைக் கவனித்தவர்கள் குறைவு. ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் படித்தபோது, 1986-இல், அவர் சேர்ந்த சொராரிட்டி, அதாவது கல்லூரிப் பெண்களின் சங்கம், அது.

சித்தி, மாமா வரிசையில் ஒரு கல்லூரிச் சங்கம் எப்படி வந்து உட்கார்ந்தது? தமிழ் மன்றம், என்.எஸ்.எஸ். என்று நாமும்தான் கல்லூரியில் எதிலாவது இருந்திருப்போம். அதைக் குடும்பம் என்று யாரும் மேடையில் சொல்வதில்லை. சொல்லின் வேரைப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும்.

லத்தீனில் ‘சொரோர்’ என்றால் உடன்பிறந்தாள். ஆங்கில ‘சிஸ்டர்’, சமஸ்கிருத ‘ஸ்வசா’ எல்லாம் அதற்கு ஒன்றுவிட்ட உறவுகள். அதிலிருந்து இடைக்கால லத்தீனில் ‘சொரோரிட்டாஸ்’ பிறந்தது. 16-ஆம் நூற்றாண்டில் அது ஆங்கிலத்துக்குள் வந்தபோது ஒரு நோக்கத்துக்காக, பெரும்பாலும் சமயப் பணிக்காக, ஒன்றுகூடிய பெண்களைத்தான் குறித்தது. கன்னியர் மடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் கன்னியாஸ்திரியையும் ‘சிஸ்டர்’ என்கிறோம், ஊசி போடும் நர்சையும் ‘சிஸ்டர்’ என்கிறோம். ரத்த உறவு இல்லாத பெண்ணைச் சகோதரியாக்கும் வழக்கம் நமக்குப் புதிதல்ல.

அமெரிக்கக் கல்லூரிகளுக்கு இந்தச் சொல் போன கதை தனி. 1776-இல் வில்லியம் அண்டு மேரி கல்லூரியில் மாணவர்கள் தொடங்கிய ஃபை பீட்டா காப்பாதான் கிரேக்க எழுத்துகளில் பெயர் வைத்துக்கொண்ட முதல் சங்கம். அதன் வழியில் ஆண்களுக்கான சங்கங்கள் பெருகின. அவற்றுக்கு ‘ஃபிராட்டர்னிட்டி’ என்று பெயர். ‘ஃபிராட்டர்’ என்றால் சகோதரன். பெண்கள் கல்லூரிக்கு வரத் தொடங்கியதும் தங்களுக்கும் சங்கம் வைத்தார்கள். 1851-இல் ஜார்ஜியா மாநிலத்து மேக்கனில் தொடங்கிய ஒன்றுக்கு அடெல்ஃபியன் சங்கம் என்று பெயர். கிரேக்கத்தில் ‘அடெல்ஃபே’ என்றாலும் சகோதரிதான். பிரித்துப் பார்த்தால் ‘ஒரே கருப்பையில் பிறந்தவள்’ என்று வரும். நம் ‘சகோதரி’யும் அதேதான், சக + உதரம், ஒரே வயிறு. ஜார்ஜியாவில் அப்படிப் பெயர் வைத்தவர்களுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை என்றாலும், பொருத்தம் அச்சு அசல்.

ஆனால் பெண்கள் சங்கத்துக்கு என்று பொதுப்பெயர் எதுவும் அப்போது இல்லை. ‘பெண்கள் ஃபிராட்டர்னிட்டி’ என்றே சொல்லிக்கொண்டார்கள், அதாவது பெண்களின் சகோதரர் சங்கம்! சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் 1874-இல் தொடங்கிய காமா ஃபை பீட்டாவைப் பற்றிப் பேசும்போது, அங்கே லத்தீன் கற்பித்த ஃபிராங்க் ஸ்மாலி என்ற ஆசிரியருக்கு இது உறுத்தியது. லத்தீன் வாத்தியாருக்கு உறுத்தாமல் வேறு யாருக்கு உறுத்தும்? சொராரிட்டி என்று சொல்லலாமே என்றார். அது 1882. அன்றிலிருந்து இந்தப் பொருளில் சொல் நிலைத்துவிட்டது. அதற்கு முன்பே, 1870-இல், பிறந்த காப்பா ஆல்ஃபா தீட்டா போன்ற சில சங்கங்கள் இன்றும் அதிகாரப்பூர்வமாக ஃபிராட்டர்னிட்டி என்ற பெயரையே வைத்திருக்கின்றன.

சேரும் முறைக்கும் தனி அகராதி உண்டு. உறுப்பினர்கள் சேர்ந்து தங்கும் வீடுதான் சங்க வீடு; கூட்டம் கூட்டமாகப் புது மாணவிகள் ஒவ்வொரு சங்க வீடாக ஏறி இறங்குவது ‘ரஷ்’. ‘எங்களோடு சேர்கிறாயா’ என்று சங்கம் நீட்டும் அழைப்பு ‘பிட்’. கிளைக்குப் பெயர் ‘சாப்டர்’. சேர்ந்தவுடன் புதியவளுக்கு மூத்தவள் ஒருத்தியை ஜோடி சேர்த்துவிடுவார்கள். மூத்தவள் ‘பிக்’, இளையவள் ‘லிட்டில்’. படிப்பு, அறை, காதல் தோல்வி, வேலைக்கு விண்ணப்பம் என எல்லாவற்றுக்கும் இளையவள் ஓடவேண்டிய இடம் இந்த மூத்தவள். மென்டரிங் என்று இன்று அலுவலகங்களில் பெரிதாகப் பேசுகிறார்களே, அதன் பழைய வீட்டு வடிவம் இது. ‘வழிகாட்டி’ என்ற சொல் இதற்கு விறைப்பாக இருக்கும். அக்கா என்றாலே போதும். ஆங்கிலம் பெரிய, சிறிய என்று அடைமொழி போட்டுத் தேடும் உறவை நாம் பிறவியிலேயே அக்கா, தங்கை என்று பிரித்து வைத்திருக்கிறோம்.

இருட்டுப் பக்கமும் உண்டு. புதியவர்களை வதைக்கும் ‘ஹேசிங்’ நம் ராகிங்கின் அண்ணன். உயிரிழப்புகள் வரை போயிருக்கிறது. நிறவெறி இன்னொன்று. அலபாமா பல்கலைக்கழகத்தில் பழைய வெள்ளையர் சொராரிட்டிகளில் கறுப்பின மாணவிகளுக்கு இடம் கொடுக்கவிடாமல் முன்னாள் உறுப்பினர்களே தடுத்தார்கள் என்பதை 2013-இல் மாணவர் பத்திரிகை வெளிக்கொண்டுவந்தது. அதற்குப் பிறகுதான் கதவு அகலத் திறந்தது. படித்து முடித்துப் பல ஆண்டு ஆனவர்களுக்கு அங்கே அத்தனை செல்வாக்கு என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கெட்டதற்கும் நல்லதற்கும் அதுதான் காரணம்.

நல்லதைக் கறுப்பினப் பெண்களின் சொராரிட்டிகளில் பார்க்கலாம். ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா 1908 ஜனவரி 15 அன்று வாஷிங்டனில் உள்ள ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. டெல்டா சிக்மா தீட்டா 1913-இல் அதே இடத்தில், 22 மாணவிகளால் தொடங்கப்பட்டது. தொடங்கிய இரண்டே மாதத்தில், மார்ச் 3 அன்று, பெண்கள் வாக்குரிமை ஊர்வலத்தில் போய் நின்றார்கள். அடுத்து 1920-இல் ஜீட்டா ஃபை பீட்டா. 1922-இல் இண்டியானாபொலிஸில் ஏழு பள்ளி ஆசிரியைகள் தொடங்கியது சிக்மா காமா ரோ. இவற்றில் பட்டம் வாங்கியதோடு உறுப்பினர் அட்டை காலாவதியாவதில்லை. ஊர் ஊராகப் பட்டதாரிகளுக்கென்று தனிக் கிளைகள் இருக்கின்றன. படிப்பு முடிந்தபிறகு, நாற்பது வயதில் அதில் சேர்பவர்களும் உண்டு. ஒருவரை ஒருவர் இன்றும் ‘சொரோர்’ என்றே விளிக்கிறார்கள். செத்துப்போன மொழி என்கிறோம், இவர்கள் வாயில் லத்தீன் வாரந்தோறும் புழங்குகிறது.

சேவை என்றால் என்ன என்பதற்கு மிசிசிப்பி சுகாதாரத் திட்டம் ஒன்றே போதும். 1935 முதல் 1942 வரை கோடைதோறும் ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா பெண்கள் மிசிசிப்பியின் பருத்திக்காட்டுக்குப் போனார்கள். தலைமை டாக்டர் டாரதி ஃபெரபீ. முதலில் ஓரிடத்தில் மருத்துவ முகாம் போடத்தான் திட்டம். ஆனால் தோட்ட முதலாளிகள் குத்தகை விவசாயிகளை வெளியே விடவில்லை. வெளியூர்ப் பெண்கள் வந்து எதையாவது கிளறிவிட்டால்? சரி, நீங்கள் வரவேண்டாம், நாங்களே வருகிறோம் என்று சொந்தக் கார்களையே நடமாடும் மருத்துவமனை ஆக்கிவிட்டார்கள். காரில் மருந்துப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு, மண் சாலைகளில் தோட்டம் தோட்டமாகப் போய், குழந்தைகளுக்குப் பெரியம்மைக்கும் தொண்டை அடைப்பானுக்கும் தடுப்பூசி போட்டார்கள்.

இப்படிப்பட்ட அமைப்பை 2020 எப்படிப் புரட்டிப்போட்டது? மாணவிகள் பக்கம் நல்ல அடி. சங்க வீட்டு வாசலில் வரிசையில் நின்று, கதவு திறந்ததும் உள்ளே கைதட்டிப் பாட்டுப் பாடி வரவேற்பதெல்லாம் போய், பல பல்கலைக்கழகங்களில் ‘ரஷ்’ ஜூமுக்கு வந்தது. பெரிய அறையில் கட்டம் கட்டமாக முகங்கள், அங்கிருந்து இருவர் இருவராகச் சின்ன அறைகளுக்குத் தள்ளிவிடுவார்கள், ‘உனக்குப் பிடித்த...’ என்று கேட்டு முடிப்பதற்குள் நேரம் முடிந்து பெரிய அறைக்குத் திரும்பிவிடுவீர்கள். சேர்ப்புச் சடங்கு ரகசியமானது என்பதால் இன்னொரு தலைவலி: திரையில் நடப்பதை யார் எங்கே பதிவு செய்கிறார்கள் என்று எப்படித் தெரியும்? இதெல்லாம் தேவைதானா, இந்தச் சங்கங்களையே கலைத்துவிடலாம் என்ற இயக்கமும் அந்த ஆண்டுதான் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் கிளம்பி மற்ற இடங்களுக்குப் பரவியது.

பட்டதாரிக் கிளைகளின் பாடு வேறு. அவர்களுக்குச் சங்க வீடும் இல்லை, வாசலில் வரிசையும் இல்லை; இழப்பதற்குக் குறைவாகத்தான் இருந்தது. டெல்டா சிக்மா தீட்டா 11 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்கு 1996 முதல் நடத்திவரும் டெல்டா அகாடமியும், அதற்கு மேல் 18 வயது வரையானவர்களுக்கான திட்டமும் பல ஊர்களில் திரைக்கு மாறின. பள்ளியும் மூடி, தோழிகளும் இல்லாத பிள்ளைக்கு மாதம் ஒருநாள் ஓர் அக்கா பெயர் சொல்லிக் கூப்பிட்டு வீட்டுப்பாடமும் விண்ணப்பமும் பார்ப்பது சின்ன விஷயம் இல்லை. எல்லாச் சேவையையும் அப்படி மாற்றிவிட முடியாது என்பதும் உண்மை. சிக்மா காமா ரோவின் புகழ்பெற்ற திட்டம் நீச்சல் கற்பிப்பது. அதை ஜூமில் எப்படிச் சொல்லிக்கொடுப்பது!

கமலா வேட்பாளர் என்று அறிவிப்பு வந்ததும் ஒரு வேடிக்கை நடந்தது. பிரச்சார நிதிக்கு இணையத்தில் 19 டாலர் 8 சென்ட் என்ற விசித்திரமான தொகை வந்து விழுந்துகொண்டே இருந்தது. 19.08, அதாவது 1908, ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா பிறந்த ஆண்டு. நாம் மொய்க் கவரில் ஒரு ரூபாய் கூட்டி வைப்பதுபோல, தொகையே செய்தி சொன்னது. அடுத்த ஜனவரி 20 பதவியேற்பில் கூட்டம் வேண்டாம், வீட்டிலிருந்தே பாருங்கள் என்று சொல்லிவிட்டதால் அந்தச் சங்கத்துப் பெண்கள் முத்துமாலை போட்டுக்கொண்டு திரை முன் உட்கார்ந்தார்கள். சங்கத்தை நிறுவியவர்களை ‘இருபது முத்துகள்’ என்பது அவர்கள் வழக்கம்.

இப்போது தமிழுக்கு வருவோம். ‘மகளிர் சங்கம்’ என்று எழுதினால் ஊர் மாதர் சங்கமோ சுய உதவிக் குழுவோ கண்ணுக்கு வரும். ‘மாணவியர் சங்கம்’ அதைவிடத் தப்பு. அறுபது வயதில் சிறுமிகளுக்குப் பாடம் எடுக்கும் பெண்ணை மாணவி என்பதா? இரண்டிலும் சகோதரி காணாமல் போகிறாள்.

பழைய சொல் வேண்டுமென்றால் ‘ஆயம்’ இருக்கிறது, கூடி விளையாடும் பெண்கள் கூட்டம். நற்றிணை 172-ஆம் பாட்டில் ஆயத்தோடு விளையாடும்போது மணலில் அழுத்தி மறந்துவிட்ட புன்னை விதை முளைக்கிறது. நெய்யும் பாலும் ஊற்றி வளர்க்கிறார்கள். அந்த மரம் ‘நுவ்வை ஆகும்’, உன் உடன்பிறந்தவள் ஆகும் என்கிறாள் தாய். மரத்தையே சகோதரியாக்கிய பாட்டில் ஆயமும் சேர்ந்து வருவது அழகுதான். ஆனால் இன்று ஆயம் என்றால் தீர்ப்பாயமும் ஆயத்தீர்வையும்தான் நினைவுக்கு வரும். மனசே இல்லாமல் விட்டுவிட வேண்டியதுதான்.

‘உடன்பிறப்பு’ நல்ல சொல். பெற்றவர் வேறானாலும் உடன்பிறப்பே என்று விளிக்கலாம் என்பதைக் கலைஞரின் கடிதங்கள் ஊருக்கே பழக்கிவிட்டன. ‘சொரோர்’ என்ற விளிக்கு இதைவிடப் பொருத்தம் கிடைக்காது. கட்சி வாசனைதான் இடிக்கிறது. ‘உடன்பிறவாச் சகோதரி’ என்று எழுதினால் வாசகர் நேராகப் போயஸ் தோட்டத்துக்குப் போய்விடுவார்.

என் கட்சி ‘சகோதரியர் சங்கம்’. அமைப்பைக் குறிக்க இது. அந்த உறவு உணர்வைக் குறிக்கச் ‘சகோதரித்துவம்’. முதல்முறை வரும்போது ‘அமெரிக்கக் கல்லூரிகளில் தொடங்கி ஆயுள் முழுக்கத் தொடரும்’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் குழப்பம் இராது. 1998-இல் டெக்சாஸில் தெற்காசிய மாணவிகளும் இப்படிச் சங்கங்கள் தொடங்கினார்கள்; ஹூஸ்டனில் பிறந்த டெல்டா ஃபை ஒமேகா அவற்றில் ஒன்று. அங்கே படிக்கும் நம் வீட்டுப் பிள்ளைகள் இந்தச் சொல்லோடு ஊருக்கு வருவார்கள். பேச்சில் அவர்கள் சொராரிட்டி என்றே சொல்லட்டும்.

அப்புறம், ‘மெய்நிகர் கூட்டம்’. விர்ச்சுவல் ரியாலிட்டிக்கு மெய்நிகர் சரி. அது மெய்யைப் போல இருப்பது. ஜூமில் பேசியது மெய்யான அக்கா, அழுதது மெய்யான தங்கை. அதற்கு ‘இணையவழிக் கூட்டம்’ போதும். விர்ச்சுவலின் வேரில் இருக்கும் ‘விர்’ லத்தீனில் ஆணைக் குறிக்கும் என்பதால், பெண்கள் கூட்டத்துக்கு அதைத் தவிர்க்க இன்னொரு சாக்கும் கிடைக்கிறது.

கிரேக்க எழுத்துப் பெயர்களை மட்டும் மொழிபெயர்க்கவே வேண்டாம். தூய தமிழ் ஆர்வத்தில் யாராவது ‘அகர ககர அகரச் சகோதரியர் சங்கம்’ என்று எழுதிவைத்தால், தான் எந்தச் சங்கத்தில் இருக்கிறோம் என்று அந்தச் சகோதரிக்கே தெரியாமல் போய்விடும்.