டோஜே: சொல்லும் டான்டோலோ குடும்பமும்

இத்தாலிய நகரக் குடியரசாக இருந்த வெனிஸின் வரலாற்றைத் தமிழில் சொல்லும்போது, அதன் தலைவருக்கு வழங்கிய ‘டோஜே’ என்ற பதவிப் பெயரை ‘மன்னர்’ என்றோ ‘கோமகன்’ என்றோ எழுதிவிடத் தோன்றும். இரண்டுமே பொருந்தாது.

இதன் வேர் லத்தீனின் ‘துக்ஸ்’. படையை நடத்திச் செல்பவர் என்று பொருள். பைசாந்தியப் பேரரசின் கீழ் வெனிஸ் இருந்த காலத்துப் பட்டம் இது. வெனிஸ் மக்கள் பேச்சில் தேய்ந்து டோஜே ஆனது. ஆங்கிலத்து ‘டியூக்’கும் இதே வேரிலிருந்து வந்ததால்தான் கோமகன் குழப்பம். டியூக் பட்டம் பரம்பரையாக வரும். டோஜேயை உயர்குடியினர் தேர்ந்தெடுப்பார்கள், சாகும்வரை பதவி.

இந்த வேறுபாட்டை டான்டோலோ குடும்பத்தைப் போல வேறு யாரும் தெளிவாகக் காட்டுவதில்லை. என்ரிகோ டான்டோலோ 1192இல் டோஜே ஆனபோதே முதியவர். கண்பார்வையும் போய்விட்டது. அப்படிப்பட்டவர்தான் நான்காம் சிலுவைப் போரில் கப்பற்படையோடு தானே கிளம்பினார். 1204இல் பைசாந்தியத் தலைநகர் கான்ஸ்டான்டிநோபிள் (இன்றைய இஸ்தான்புல்) வீழ்ந்தது. கிறிஸ்தவ நகரம் ஒன்றைச் சிலுவைப் படையே சூறையாடிய கொடுமை அது. பைசாந்தியப் பேரரசில் எட்டில் மூன்று பங்கு வெனிஸுக்கு என்று ஒப்பந்தம். வெனிஸின் சான் மார்க்கோ தேவாலயத்தின் புகழ்பெற்ற வெண்கலக் குதிரைகளும் அங்கிருந்து வந்தவையே. மறு ஆண்டு என்ரிகோ அங்கேயே இறந்தார். அந்நகரின் பெரிய தேவாலயமான ஹாகியா சோஃபியாவில் அடக்கம் செய்தார்கள்.

சரி, அடுத்து யார்? அவர் ஊரில் இல்லாதபோது ஆட்சியைக் கவனித்தவர் மகன் ரனியெரி. மன்னர் குடும்பமாக இருந்தால் அவருக்குத்தான் பட்டம். ஆனால் தேர்வானவர் பியெத்ரோ ஸியானி. டான்டோலோ குடும்பத்திலிருந்து இன்னொரு டோஜே வர 1280 வரை ஆயிற்று.

அவர்தான் ஜொவான்னி டான்டோலோ. 1284இல் இவர் காலத்தில் வெளிவந்த தங்க நாணயம் ‘டுகாட்’. அதில் பொறித்த லத்தீன் வரி ‘டுகாதுஸ்’, அதாவது டோஜேயின் ஆட்சிப்பரப்பு, என்ற சொல்லில் முடியும். நாணயத்தின் பெயர் அதிலிருந்து வந்தது. டோஜே மண்டியிட்டுக் கொடிக்கம்பைப் பிடித்திருக்கும் உருவம் பனையேறுபவரைப் போலத் தெரிந்ததால் தமிழகத்தில் இதைச் ‘சாணார் காசு’ என்றார்கள்.

தமிழில் ‘ஆயுள் தலைவர்’ என்பது வெனிஸ் டோஜேக்குச் சரியாக அமையும். ‘குடியரசுத் தலைவர்’ என்றால் இன்றைய பதவிதான் நினைவுக்கு வரும். முதல் முறை ‘டோஜே (ஆயுள் தலைவர்)’ என்று எழுதிவிட்டு, அப்புறம் டோஜே என்றே தொடரலாம். இன்னொரு இத்தாலிய நகரக் குடியரசான ஜெனோவாவிலும் டோஜே இருந்தார்; 1528க்குப் பிறகு அங்கே பதவிக்காலம் இரண்டே ஆண்டுகள் என்பதால் அங்கே ‘தலைவர்’ என்றாலே போதும்.