தொழில்முனைவர், செயற்பாட்டாளர்: பெயருக்குக் கீழே எழுதும் சொல்

ஒருவரோடு இரண்டு மணி நேரம் பேசி, ஒலிப்பதிவைக் கேட்டு எழுதி, செப்பனிட்டு முடித்த பிறகும் ஒரு வேலை மிச்சம் இருக்கும். அவர் பெயருக்குக் கீழே, அவர் யார் என்று ஒரு சொல்லில் எழுத வேண்டும். நான் அதிக நேரம் நின்றுவிடுவது அந்த இடத்தில்தான். பழைய துணியிலிருந்து புதிய உடை வடிவமைத்து விற்பவரைத் ‘தொழிலதிபர்’ என்று எழுதினால் அவர் வேறு ஆளாகிவிடுகிறார். ஆற்றில் கழிவு கலப்பதை எதிர்த்துப் பத்து ஆண்டுகளாக வழக்கு நடத்துபவரைச் ‘சமூக ஆர்வலர்’ என்று எழுதினால் அவர் பட்ட பாடெல்லாம் பொழுதுபோக்குபோல ஆகிவிடுகிறது. ஆங்கிலத்தில் முன்னவர் ஆந்த்ரப்ரனர், பின்னவர் ஆக்டிவிஸ்ட். தமிழில் என்ன எழுதுவது?

ஆந்த்ரப்ரனர் ஆங்கிலச் சொல்லே இல்லை, பிரெஞ்சு. ‘ஆந்த்ர’ என்றால் இடையே, ‘ப்ராந்த்ர’ என்றால் எடுத்தல். ஒரு வேலையைக் கையில் எடுப்பவர், ஏற்று நடத்துபவர் என்பது அடிப்பொருள். பொருளியலுக்குள் இந்தச் சொல்லுக்கு நிலையான இடம் வாங்கித் தந்தவர் ரிச்சர்ட் கான்டிலான். அயர்லாந்தில் பிறந்து, பாரிசில் வங்கித் தொழில் செய்தவர். அவர் எழுதிய நூல், அவர் இறந்து இருபது ஆண்டுகளுக்கும் மேல் ஆன பிறகு, 1755இல்தான் அச்சானது. தெரிந்த விலைக்கு வாங்கி, என்ன விலை கிடைக்கும் என்று தெரியாமலே விற்கத் துணிபவர்தான் அவர் கணக்கில் ஆந்த்ரப்ரனர். உழவரும் வணிகரும் அதில் அடக்கம். முதலீடு எதுவும் இல்லாமல் தன் உழைப்பை மட்டும் நம்பி வாழும் ஓவியரையும் மருத்துவரையும் வழக்கறிஞரையும்கூட அவர் அதே பட்டியலில் சேர்த்திருக்கிறார்.

இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. கலையையும் தொழிலையும் சேர்த்து நடத்துபவர்களை ஏதோ நேற்று முளைத்த வகை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஓவியருக்கு அந்தப் பட்டியலில் தொடக்கத்திலேயே இடம் இருந்திருக்கிறது. நிச்சயமில்லாத வருமானத்தோடு வாழத் துணிந்தவரா என்பது ஒன்றே அங்கே அளவுகோல்.

ஆங்கிலத்துக்கும் சொந்தமாக ஒரு சொல் இருந்தது: அண்டர்டேக்கர். அதற்கும் ஏற்று நடத்துபவர் என்றே பொருள். பொருளியலாளர் ஆடம் ஸ்மித் 1776இல் பயன்படுத்தியது இதைத்தான். ஆனால் இறுதிச் சடங்குக்கு ஏற்பாடு செய்பவர் என்ற பொருள் இந்தச் சொல்லில் நன்றாக ஒட்டிக்கொண்டது. தொழில் நடத்துபவர் என்ற பொருளில் அண்டர்டேக்கர் ஆங்கிலேயருக்குப் பழக்கமில்லாமல் போயிற்றே என்று 1848இல் இன்னொரு பொருளியலாளரான ஜான் ஸ்டூவர்ட் மில் வருத்தப்பட்டு எழுதினார். பிரெஞ்சுச் சொல்தான் கடைசியில் நிலைத்தது. சரி, ஆங்கிலமே கடன் வாங்கிய இடத்தில் நாமும் போய்க் கடன் கேட்க வேண்டியதில்லை.

நம்மிடம் தொழில்முனைவர் இருக்கிறது. மிக நல்ல சொல். முனை என்றால் நுனி, கூர். போர்முனை என்கிறபோது எதிரியை நேருக்கு நேர் சந்திக்கும் இடம். வினையாக வரும்போது, ஒன்றில் ஊன்றி முயல்வது. முன் என்பதோடு தொடர்புடைய சொல் என்பதால் முதன்மையும் அதில் உண்டு. முதல்நூலை இயற்றியவனைத் தொல்காப்பியம் ‘முனைவன்’ என்றுதான் சொல்கிறது. இன்னொரு பொருளும் இருக்கிறது, அதிகம் பேர் கவனிக்காதது. சங்கப் பாடல்களில் ‘முனைஇ’ என்று வந்தால் ‘வெறுத்து’ என்று உரை எழுதுவார்கள். ஒரே உணவைத் தின்று தின்று சலித்துப்போய் வேறொன்றை நாடுவது அந்த முனைவு. இருப்பதை வெறுப்பது, முன்னே போய் நிற்பது, ஊன்றி முயல்வது என்று மூன்றும் ஒரே ஒலிக்குள். நான் பேசிய பலரின் கதை இந்த வரிசையில்தான் நடந்திருக்கிறது. ‘இது எனக்கு அலுத்துப்போச்சு’ என்ற இடத்தில்தான் பெரும்பாலும் தொடங்குகிறார்கள்.

முன்பாதியான ‘தொழில்’ என்பதையும் நாம் சுருக்கிவிட்டோம். வியாபாரம், வருமானம் என்று மட்டும் புரிந்துகொள்கிறோம். இலக்கணத்தில் தொழிற்பெயர் என்கிறோமே, அங்கே தொழில் என்றால் வெறும் செயல். பாரதியின் வரி எல்லோருக்கும் தெரிந்ததுதான்: ‘நமக்குத் தொழில் கவிதை, நாட்டிற்கு உழைத்தல், இமைப்பொழுதும் சோராதிருத்தல்’. படைப்பாளி, செயற்பாட்டாளர் என்று நாம் இன்று இரண்டு பெட்டிகளாகப் பிரிப்பதை அவர் ‘தொழில்’ என்ற ஒரே சொல்லுக்குள் வைத்துவிட்டார்.

எழுதும்போது ஒரு கவனம் வேண்டும். ஒருவர் என்றால் தொழில்முனைவர். பலர் என்றால் தொழில்முனைவோர். ‘ஒரு தொழில்முனைவோர்’ என்று எழுதுவது பிழை. ‘தொழில்முனைவோர்கள்’ என்பது பன்மைக்கு மேல் பன்மை. ஆண், பெண் என்று தனித்தனி வடிவமும் தேவையில்லை.

‘கிரியேட்டிவ்’ என்ற அடைக்குப் படைப்பு என்று எழுதுகிறோம். படைப்புத் தொழில்முனைவர் என்றால் யாருக்கும் புரியும். எனக்கு அதைவிட ஆக்கம் பிடிக்கும். ஆக்கம் என்றால் உருவாக்குதல். ஆக்கம் என்றால் செல்வமும்கூட. தளராத ஊக்கம் உள்ளவனிடம் ஆக்கம் தானே வழி கேட்டுக்கொண்டு போகும் என்று குறள் சொல்லும்போது அது செல்வத்தைத்தான் குறிக்கிறது. செய்யும் பொருளும் அதனால் வரும் பொருளும் ஒரே சொல்லில் இருக்கின்றன. ‘கலைஞன் காசைப் பற்றிப் பேசலாமா’ என்று கேட்பவர்களுக்கு இந்தச் சொல்லைக் காட்டலாம். ஆக்கத் தொழில்முனைவர் இன்னும் புழக்கத்துக்கு வரவில்லை. வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

அப்புறம் ஆக்டிவிஸ்ட். வேர் லத்தீன் ‘அகெரே’: செய்தல், ஓட்டுதல். வேர் பழையது என்றாலும் இந்தச் சொல் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவானதுதான். முதல் உலகப் போரின்போது, நடுநிலையைக் கைவிட்டு ஜெர்மனியின் பக்கம் சேர வேண்டும் என்று ஸ்வீடனில் ஒரு குழு வற்புறுத்தியது. ஆங்கிலத்தில் ஆக்டிவிஸ்ட் என்ற சொல் 1915 வாக்கில் குறித்தது இந்தக் குழுவினரை. இன்று அந்தச் சொல்லைக் கேட்டதும் மனத்தில் வரும் உருவத்துக்கும் அதற்கும் எவ்வளவு தூரம்! சும்மா இருப்பதை மறுப்பவர் என்ற ஒரு பொருள் மட்டும் அன்று முதல் இன்று வரை மாறவில்லை.

தமிழில் இதற்குப் போட்டி அதிகம். போராளி, களப்பணியாளர், செயல்வீரர், ஆர்வலர், செயற்பாட்டாளர். போராளி என்றால் ஆயுதமும் நினைவுக்கு வருகிறது. களப்பணியாளர் சம்பளத்துக்கு வேலை செய்பவராகவும் இருக்கலாம். செயல்வீரர் கட்சிக் கூட்டத்தின் சொல்லாகிவிட்டது. செய்திகளில் அதிகம் வருவது ஆர்வலர். அதன்மேல் எனக்குக் கோபம் இருந்தது, குறளில் அதைப் பார்க்கும் வரை. ‘அன்பிற்கும் உண்டோ அடைக்குந்தாழ் ஆர்வலர் புன்கணீர் பூசல் தரும்’. அன்பை மறைக்கத் தாழ்ப்பாள் கிடையாது, அன்புடையவரின் கண்ணீரே அதைக் காட்டிக்கொடுத்துவிடும் என்கிறது. ஆர்வலர் அங்கே அன்பு மிகுந்தவர். பறவை ஆர்வலர், நூல் ஆர்வலர் என்று எழுதி எழுதி நாம்தான் அந்தச் சொல்லின் சூட்டைக் குறைத்துவிட்டோம். என்றாலும் இன்றைய காதுக்கு அது ஈடுபாட்டை மட்டுமே சொல்கிறது, செயலைச் சொல்வதில்லை. அதனால் என் தேர்வு செயற்பாட்டாளர். சூழலியல் செயற்பாட்டாளர், மனித உரிமைச் செயற்பாட்டாளர் என்று முன்னால் துறையைச் சேர்த்துவிட்டால் தெளிவாக நிற்கிறது.

இவர்களோடு நடக்கும் பேச்சுக்கு என்ன பெயர் என்பதும் சின்ன விஷயமில்லை. பேட்டி வடக்கிலிருந்து வந்த சொல், சந்திப்பு என்று பொருள். நேர்காணல் நம்முடையது, வேலைக்கு ஆள் எடுக்கும் வாடையும் அதில் கொஞ்சம் அடிக்கும். ஈழத்தில் செவ்வி என்பார்கள். ஏற்ற வேளை, பெரியவர்களைக் காண வாய்த்த தருணம் என்ற பழைய பொருளை அப்படியே பேட்டிக்கு எடுத்துக்கொண்ட அழகான சொல் அது. நான் விரும்புவது உரையாடல். ஆடு என்றால் அசைதல், இப்படியும் அப்படியும் போய்வருதல். பேச்சு இரண்டு பக்கமும் போய்வந்தால்தான் அது உரையாடல். எழுதிவைத்த பத்துக் கேள்விகளை வரிசையாகப் படித்தால் அது விசாரணைதான். போராடு என்பதிலும் அதே ஆடு ஒட்டிக்கொண்டிருப்பதைப் பாருங்கள்.

கடைசியாக மாற்றம். ‘மாற்றத்தை உருவாக்குபவர்களுடன் உரையாடல்’ என்றுதான் இப்படிப்பட்ட தொகுப்புகளுக்குத் தலைப்பு வைப்போம். பழந்தமிழில் மாற்றம் என்றால் சொல், மறுமொழி. ‘அவையஞ்சா மாற்றங் கொடுத்தற் பொருட்டு’ என்ற குறளடிக்கு, அவைக்கு அஞ்சாமல் பதில் சொல்வதற்காக என்று பொருள். கற்க வேண்டியதை அளவறிந்து கற்பது அதற்காகத்தானாம். இது தெரிந்த பிறகு என் முதல் கேள்வியையே மாற்றிக்கொண்டேன். ‘என்ன மாற்றம் கொண்டுவந்தீர்கள்’ என்று கேட்டால் எண்ணிக்கையும் விருதுகளும் வரும். ‘எதற்கு மறுமொழியாக இதைத் தொடங்கினீர்கள்’ என்று கேட்டால் ஆள் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார். அப்புறம் வருவதுதான் உண்மையான பேச்சு.

பழைய துணியில் உடை செய்பவரிடமும் அப்படித்தான் கேட்டேன். வெட்டி எறிந்த துணி மூட்டை மூட்டையாகப் போவதைப் பார்த்துப் பார்த்து மனம் வெறுத்துப்போனதாகச் சொன்னார். பெயருக்குக் கீழே என்ன எழுதட்டும் என்றதற்கு, ‘தையல்காரர் என்றே போடுங்கள், முடிந்தால் பக்கத்தில் தொழில்முனைவர் என்றும் போடுங்கள்’ என்றார். இரண்டையும் போட்டேன்.