படுவான்கரையில் ஓர் ஏக்கர் 164 பேர்ச்சஸ் ஆவது எப்படி?

ஓர் ஏக்கர் என்றால் 160 பேர்ச்சஸ், அதாவது 4,047 சதுர மீற்றர். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரையில் அப்படியொரு வயலின் வரம்பைச் செய்மதிப் படத்தில் பிசகாமல் வரைந்து கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் பரப்பளவு கேட்டால், சில வேளை 4,148 சதுர மீற்றர் என்று வரும். 4 பேர்ச்சஸ் கூடுதல். இது வரைபட எறியம் செய்யும் வேலை.

உருண்டைப் பூமியைத் தட்டையாக விரிக்கும் கணக்குத்தான் எறியம். எப்படி விரித்தாலும் வடிவம், தூரம், பரப்பு எல்லாவற்றையும் ஒருசேரக் காப்பாற்ற முடியாது. 1569இல் மெர்கேட்டர் கடலோடிகளுக்காகக் கோணங்களைக் காப்பாற்றினார். துருவத்தை நோக்கி நெருங்கிப்போகும் நெடுங்கோடுகளை அவர் சமாந்தரமாக நிறுத்தியதால் நிலம் கிழக்கு மேற்காக இழுபட்டது. கோணம் கெடாதிருக்க வடக்கு தெற்காகவும் அதே அளவு இழுக்க வேண்டியதாயிற்று. இரு பக்கமும் இழுத்தால் பரப்பு அந்த இழுவையின் வர்க்கமாகப் பெருகும். வடக்கே வெகுதூரத்தில், நோர்வேயின் ஒஸ்லோவில் இருக்கும் காணி இந்தப் படத்தில் ஏறத்தாழ 4 மடங்கு.

கூகுள் மேப்ஸ் போன்ற இணைய வரைபடங்களுக்கு அடிப்படை இதன் தம்பியான வெப் மெர்கேட்டர். மட்டக்களப்பு இருப்பது வடக்கு அகலக்கோடு 7.7 பாகையில். இங்கே இழுவையால் பரப்பு கூடுவது 1.8 சதவீதம்தான். ஆனால் வெப் மெர்கேட்டர் பூமியை முழு உருண்டை என்று வைத்துக் கணக்குப் போடுகிறது. உண்மையில் பூமி துருவங்களில் சற்றுத் தட்டை. அந்த வித்தியாசமும் சேர்ந்து மொத்தம் 2.5 சதவீதம் ஆகிவிடுகிறது.

எனக்குக் கவலை தருவது இந்தப் பிழை இவ்வளவு சின்னதாக இருப்பதுதான். ஒஸ்லோக்காரர் 4 மடங்கைப் பார்த்ததும் ஏதோ பிழை என்று பிடித்துவிடுவார். நம் பக்கத்தில் எண் நம்பும்படியாகவே இருக்கிறது. 100 ஏக்கர் வட்டையில், அதாவது வயல்வெளியில், அது இரண்டரை ஏக்கர். விதைநெல், உரம், வெள்ள நட்டஈடு எல்லாம் ஏக்கர் கணக்கில்தானே போகின்றன!

கியூஜிஐஎஸ்ஸில் பரப்பளவுக்கு இரண்டு வழி உண்டு. டொலர் குறியோடு தொடங்கும் 'ஏரியா', புரொஜெக்ட் அமைப்பில் நீள்வட்டத் திண்மம் (துருவங்களில் தட்டையான பூமி வடிவம்) தெரிவு செய்யப்பட்டிருந்தால், பூமியின் வளைவைக் கணக்கில் எடுக்கும். டொலர் குறி இல்லாமல், அடைப்புக்குறிக்குள் ஜியோமெட்ரியை வாங்கும் 'ஏரியா', நாம் வரைந்த லேயர் (வரைபட அடுக்கு) எந்தத் தட்டையில் இருக்கிறதோ அதிலேயே அளந்துவிடும். லேயர் வெறும் பாகையில் இருந்தால் ஓர் ஏக்கருக்கு 0.00000033 என்று வரும். அட்டவணையில் பூச்சியமாகக்கூடத் தெரியலாம். அதுவே நல்லது, பார்த்தவுடன் விழித்துக்கொள்வோம்.

தட்டையில்தான் அளக்கவேண்டும் என்றால் பிதுருதலாகலை மலையை மையமாகக் கொண்ட 1999ஆம் ஆண்டின் இலங்கைக் கட்டம் என்ற எறியம் இருக்கிறது. மட்டக்களப்புப் பக்கம் 100 ஏக்கருக்கு அது 2 பேர்ச்சஸ் அளவுதான் கூட்டிக் காட்டும். உலகை வலயங்களாகப் பிரித்து விரிக்கும் யூடிஎம் எறியத்தின் 44 வடக்கு வலயம் என்றால் 10 பேர்ச்சஸ் குறையும், அதுவும் பரவாயில்லை.

மாற்றும்போது ஒரு கவனம் வேண்டும். லேயரின் எறியப் பெயரை மட்டும் மாற்றினால் ஆயத்தொலைகள் மாறாது, பரப்பளவும் பழையபடியே வரும். புதிய எறியத்தில் எக்ஸ்போர்ட் செய்து சேமிக்க வேண்டும். சந்தேகமென்றால் கிழக்கு ஆயத்தொலையைப் பாருங்கள்: மட்டக்களப்பு நகரத்துக்கு வெப் மெர்கேட்டரில் அது 90 இலட்சம் மீற்றரைத் தாண்டும், இலங்கைக் கட்டத்தில் 6 இலட்சத்துச் சொச்சம்.