பாசா: பஹாசாவா, பாஷையா, மொழியா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு பள்ளிப் பிள்ளையைப் பிடித்து "இன்னைக்கு என்ன பரீட்சை?" என்று கேட்டால் "பாசா" என்று பதில் வரும். தோட்டத்தில் பால்மரம் வெட்டிய பாட்டிகூட "எனக்குப் பாசா அவ்வளவா வராதுய்யா" என்பார். இரண்டு பேரும் சொல்வது மலாயைத்தான், ஆனால் அந்தச் சொல்லுக்கு மலாய் என்ற பொருளே கிடையாது. பாசா என்பது 'பஹாசா'வின் பேச்சு வடிவம்; பஹாசா என்றால் மொழி, அவ்வளவுதான். தமிழையும் மலாய்க்காரர்கள் 'பஹாசா தமிழ்' என்றுதான் சொல்கிறார்கள். மலாயில் இதற்கு இன்னொரு பொருளும் உண்டு: 'பூடி பஹாசா' என்றால் பண்பு, மரியாதை.

சமஸ்கிருத 'பாஷா'தான் மலாய்க்குப் போய் பஹாசா ஆனது, நம்மிடம் வந்து பாஷை ஆனது. 'பஹாசா ஜீவா பங்சா' என்று இங்கே ஒரு முழக்கம் உண்டு, எல்லாரும் பார்த்திருப்பீர்கள். ஜீவா நம்முடைய ஜீவன், பங்சா நம்முடைய வம்சம், அங்கே வ மாறி ப ஆகிவிட்டது. மொழியே இனத்தின் உயிர் என்று பொருள். தமிழ்ப்பள்ளிப் பெயர்ப்பலகையில் 'கெபங்சாஆன்' என்று இருக்கிறதே, அதற்குள்ளும் இதே வம்சம்தான் இருக்கிறது. அதை நாம் 'தேசிய' என்கிறோம். தேசியம் என்ற சொல் தேசத்திலிருந்து, அதாவது மண்ணிலிருந்து வந்தது, மலாய்ச் சொல்லோ மக்களிடமிருந்து வந்தது. எனக்கு இது சாதாரண வேறுபாடாகத் தெரியவில்லை.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? பாஷை வடசொல், பழைய நூல்களில் ஷகரத்தை மாற்றிப் 'பாடை' என்று எழுதினார்கள், விஷம் விடம் ஆனதுபோல. நமக்கென்று இருக்கும் சொல் மொழி. மொழிதல் என்றால் பேசுதல். தொல்காப்பியத்தில் மொழி என்பது பெரும்பாலும் தனிச்சொல்லைக் குறிக்கும், ஓரெழுத்து ஒருமொழி என்று இன்றும் இலக்கண வகுப்பில் படிக்கிறோமே, அது. ஆனால் சங்கப் பாட்டிலேயே 'மொழிபெயர் தேஎம்' என்று வருகிறது, மொழி மாறிப்போகும் நாடு என்று பொருள். கப்பலேறி வந்து தோட்டத்து வரிசை வீடான லயத்தில் குடியேறிய நம்மவர்களுக்கு மலாயா அப்படிப்பட்ட தேசமாகத்தான் இருந்திருக்கும்.

அப்புறம் 'தேசிய மொழி'. இதையும் ஆட்சிமொழியையும் ஒன்றாகவே நினைத்துக்கொள்கிறோம், தவறு. மலேசியாவில் அரசியலமைப்பின் 152ஆவது பிரிவுப்படி மலாய் தேசிய மொழி. சிங்கப்பூரிலும் தேசிய மொழி மலாய்தான், நாட்டுப்பண்ணும் மலாயில்தான், ஆனால் ஆட்சிமொழிகள் நான்கு, அதில் தமிழும் ஒன்று. இந்தியாவின் அரசியலமைப்பில் தேசிய மொழி என்று எதுவுமே இல்லை, இந்தி ஒன்றிய அரசின் ஆட்சிமொழி மட்டுமே. இலங்கையைப் பார்த்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும்: 1978 அரசியலமைப்பு சிங்களத்தோடு தமிழையும் தேசிய மொழி என்றது, ஆட்சிமொழி என்னவோ சிங்களம் மட்டும்தான். தமிழும் ஆட்சிமொழியாக 1987இல் 13ஆவது திருத்தம் வர வேண்டியிருந்தது. ஒன்பது ஆண்டுகள் பெயர் இருந்தது, அதிகாரம் இல்லை.

கடைசியாக 'த்விபஹாசா', இருமொழி. இங்கே 2016இல் தொடங்கிய இருமொழித் திட்டத்தில் சேரும் பள்ளிகளில் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் நடக்கும். தமிழ்ப்பள்ளி சேர்ந்தால் அந்தப் பாடங்களில் இடம் விட்டுக்கொடுப்பது தமிழ். அதற்கு இருமொழி என்ற பெயர் பொருந்தவில்லை என்பது என் உறுதியான கருத்து. வீட்டில் தமிழ், கடையில் மலாய் என்று இரண்டையும் தடுமாறாமல் பேசும் நம் பிள்ளைதான் உண்மையில் இருமொழியாளர். அந்தப் பிள்ளை நாளை "பாசா பரீட்சை" என்று சொன்னால், "மலாய்ப் பரீட்சையாய்யா?" என்று திருப்பிக் கேளுங்கள்.